இரண்டாவது கையொப்பம்

பல்கலைக்கழக ஆசிரியர் சங்கம் என்றால் ஏதோ கோட்டை என்று நம்பி, நனைந்தபடி மூன்று மாடி ஏறி வந்தாள் அந்த மருந்தியல் விரிவுரையாளர். மேலே இருந்தது ஒழுகும் கூரை, கீழே ஒரு வாளி, பக்கத்தில் செயலாளர். அவள் இமையில் ஒரு மழைத்துளி விழாமல் நின்றது... அவன் அதைப் பார்த்திருக்கக் கூடாது.

"சங்கம்னா நீங்கதானா?"

"நானும் வாளியும்."

சிரித்துவிட்டாள்... உடனே முகம் இருண்டது. ஒரு விடைத்தாளின் நகலை நீட்டினாள். பச்சைக் குழந்தைக்குரிய மருந்தைப் பத்து மடங்காக எழுதிய மாணவன். அவள் போட்ட மதிப்பெண் முப்பத்தொன்று, யாரோ திருத்தியிருந்தது ஐம்பத்தொன்று. பையனின் அப்பா பல்கலைக்கழகத்துக்குக் கட்டடம் கட்டித் தந்தவர். இதைப் பற்றி அவள் கொடுத்த புகாரை வாபஸ் வாங்காவிட்டால் வெள்ளிக்கிழமையோடு அவளுக்கு வேலை இல்லை. திருத்தத்துக்குக் கீழே, வேறொரு வளாகத்து இரண்டாம் மதிப்பீட்டாளரின் சுருக்கொப்பம். அது யாரென்று அவளுக்குச் சொல்லக் கூடாது என்பது விதி.

"இந்தக் கிறுக்கலைப் போட்ட மகான் யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க."

அந்த மகான் அவனேதான். தன் வளாகத்தில் டீன் நீட்டிய விடைத்தாள்களில், டீ ஆறுவதற்குள், படிக்காமலே போட்ட நாற்பது கையெழுத்தில் அதுவும் ஒன்று. பார்க்கலாம் என்றான்.

மூன்று மாலை வந்தாள். வாளிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து மகானை வகைவகையாகத் திட்டினாள். அவனும் ஒத்து ஊதினான். சொன்னால் இந்தக் கண்கள் இனி மாடி ஏறாது... சொல்லாவிட்டால் வேலையே போய்விடும் அவளுக்கு.

வியாழக்கிழமை செயற்குழு. ஆசிரியத் தொழிலின் மாண்பு பற்றித் தலைவர் முக்கால் மணி நேரம் முழங்கிவிட்டு, 'சங்கம் ஆழ்ந்த கவலை தெரிவிக்கிறது' என்று தீர்மானம் வாசித்தார். சங்கத்தில் ஆழமாக இருந்தது அந்தக் கவலை ஒன்றுதான்.

அவன் எழுந்தான். "கவலை வேணாம் தலைவரே. அந்தக் கையெழுத்து என்னுது. படிக்காம போட்டேன். எழுதிக் கொண்டு வந்திருக்கேன், இதை அனுப்புங்க."

மதிப்பெண் முப்பத்தொன்றுக்குத் திரும்பும்; அவள் வேலை தப்பிக்கும்; அவனுக்கு விசாரணை, அது முடியும்வரை வகுப்பு கிடையாது. கடைசி வரிசையிலிருந்து அவள் எழுந்து, திரும்பிப் பாராமல் போனாள்.

படிக்கட்டின் அடியில் மழை... அவளும் நின்றிருந்தாள்.

"மூணு நாளா என்னைத் திட்டவிட்டு வேடிக்கை பாத்தீங்கல்ல?"

"சொன்னா அப்புறம் வர மாட்டீங்க... நீங்க வரணும்னு இருந்துச்சு. அன்னைக்கு நீங்க நனைஞ்சு மாடி ஏறி வந்ததைப் பாத்ததுலேருந்தே."

அவள் குடையை விரித்தாள்.

"இன்னும் மன்னிக்கல. பஸ் ஸ்டாப் வரைக்கும் வாங்க. நாளைக்கு கிளாஸ் எனக்குத்தான், உங்களுக்கு இல்ல. நனையறதுன்னா நீங்களே நனைங்க."

குடை மட்டும், வழி நெடுக, அவன் பக்கமே சாய்ந்திருந்தது.