ஷட்டர் இல்லாத கடை

விளக்கு வைக்கிற நேரத்தில் யாரோ ஷட்டரை இழுத்து மூடினார்கள். துருவேறிய சட்டத்தில் உரசியபடி கடகடவென்று இறங்கி, கடைசியில் தரையில் மோதி அதிருமே, அந்தச் சத்தம். கலியமூர்த்தி டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அவர் கட்டிய புது வளாகத்தில் ஷட்டர் என்று ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் கண்ணாடிக் கதவு.

ரெட்டியார்பாளையத்துக்கே பாரீஸைக் கொண்டுவந்துவிட்டதாக மனிதர் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தார். விழுப்புரம் சாலையில் தகரம் தொங்கிக் கிடந்த தன் பழைய கடை வரிசையை இடித்துத் தள்ளிவிட்டு, கடற்கரைப் பக்கத்து வெள்ளைக்காரத் தெரு மாதிரி மஞ்சள் சுவரும் வெள்ளை வளைவுமாக எழுப்பியிருந்தார். நாளைக்குத் திறப்பு விழா. மூலைக் கடையை அவருடைய ஒரே மகள் சுமலதா துணிக்கடைக்கு எடுத்துக்கொண்டாள். அந்த மூலை மட்டும் வேண்டாம் என்று அவர் தலைபாடாய் அடித்துக்கொண்டார்.

"ஏன் வேணாம்னு சொல்லுப்பா. ரோட்டப் பாத்த கடை. இதவிட நல்ல எடம் எங்க இருக்கு?"

"வாஸ்து சரியில்லம்மா."

"நீதான கட்டுன?"

உண்மையைச் சொன்னால் மகள் அதற்கப்புறம் அவர் முகத்தில் விழிக்கமாட்டாள்.

பழைய வரிசை இருந்தபோது அந்த மூலையில்தான், வாடகைக்கு இருந்த சுலோசனா ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். மற்றவர்களெல்லாம் காலி செய்துகொண்டு போன பிறகும், தையல் மெஷினை விட்டு எழுந்திருக்கமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாள். கத்திரி வெயில். வரிசையின் மறுகோடியில் ஜேசிபி இடித்துக்கொண்டிருந்தது. கலியமூர்த்தி வெளியிலிருந்து ஷட்டரை இழுத்துப் பூட்டினார். கொஞ்ச நேரம் வெந்தால் தானாக வழிக்கு வருவாள் என்று கணக்கு. எதிரே ஹாஜாவின் பேக்கரியில் உட்கார்ந்து பப்ஸ் தின்றார். ஜேசிபி ஓய்ந்தபோதெல்லாம் அவள் தட்டுகிற சத்தம் கேட்டது. நன்றாகவே கேட்டது. பிறகு நின்றுவிட்டது. அடங்கிவிட்டாள் என்று இன்னொரு டீ சொன்னார். பொழுது சாயத் திறந்து பார்த்தார், பூட்டை மறைத்தார், அப்புறம்தான் ஆட்களைக் கூப்பிட்டு மாரடைப்பு என்றார். எல்லோரும் நம்பினார்கள். பாவி மனுஷன், மாலைகூட வாங்கிப் போட்டார்.

விழாவன்று காலையில் மூலைக் கடைக்குள் ஒரு தடவை போய்ப் பார்த்தார். புது பெயிண்ட் வாசனைக்கு அடியில் காய்ந்த தகரத்தின் வாடையும் மெஷின் எண்ணெய் வாடையும் அடித்தன. கண்ணாடியைத் தொட்டார். சுட்டது.

"ஏசி ஓடலையாப்பா?"

"முழுசா ஓடுது சார்," என்றார் எலக்ட்ரீசியன். "எனக்கு நடுங்குது. உங்களுக்கு மட்டும் ஏன் இப்படி வேர்க்குது?"

அவர் வெளியே வந்துவிட்டார்.

சாயங்காலம் நாதஸ்வரமும் பன்னீரும் குழந்தைகளின் கூச்சலும் புதுப் பட்டுப்புடவைகளின் சரசரப்புமாக வளாகம் நிறைந்து வழிந்தபோது, வந்தவர்களுக்குக் கும்பிடு போட்டுக்கொண்டிருந்த கலியமூர்த்தியின் காது மட்டும் அந்த மூலையைவிட்டு நகரவே இல்லை. சுமலதா அவர் பக்கத்தில் வந்தாள்.

"நீ இங்க நின்னு எல்லாரையும் கவனிப்பா. நான் உள்ள வெளக்க ரெடி பண்ணிட்டுக் கூப்புடுறேன்."

"சுமா, வேணாம்மா, நில்லு..."

அவள் உள்ளே போய்விட்டாள். கண்ணாடிக் கதவு சாத்திக்கொண்டது.

கடகடவென்று இறங்கியது. தரையில் மோதி அதிர்ந்தது.

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கண்ணாடிக்குள் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. சுமலதா திரும்பினாள். முகமெல்லாம் வேர்வை. கதவைத் தள்ளினாள். ஒரு கையால். பிறகு இரண்டு கையாலும். வாய் திறந்து திறந்து மூடியது.

தட். தட். தட்.

அவருக்குத் தெரிந்த சத்தம்.

அவளுக்குப் பின்னால் ஸ்டூலில் ஒருத்தி சாவகாசமாக உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் அளவெடுக்கிற இஞ்ச் டேப். பார்வை சுமலதாமேல் இல்லை. அவர்மேல்.

ஓடினார். கைப்பிடியைப் பிடிக்கப் போனார். கைப்பிடி இல்லை. உள்ளங்கையில் நெளிநெளியாக இரும்பு பட்டது. கொதிக்கிற இரும்பு. தோல் ஒட்டிக்கொண்டது.

"தொறங்கடா! எம்பொண்ணு உள்ள மாட்டிக்கிட்டா! யாராவது தொறங்க!"

எதிர்க்கடை ஹாஜா அவர் தோளைப் பிடித்தார். "என்னாண்ணே ஆச்சு? கதவு தொறந்துதான கெடக்கு. பாப்பா சிரிச்சிக்கிட்டு ஒங்களப் பாத்துத்தான் கையாட்டுது."

"ஐயோ, சுலோசனா... என்னப் புடி. அவள விட்டுடு."

ஸ்டூலில் இருந்தவள் கால்மேல் கால் போட்டுக்கொண்டாள்.

தட்.

இடைவெளி விட்டு, தட்.

அவர் இரும்பில் நெற்றியை மோதிக்கொண்டு அழுதார். சுற்றிலும் இருந்தவர்கள் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தார்கள். குழந்தைகளைத் தோளில் தூக்கிக் காட்டினார்கள். உள்ளே சுமலதாவின் கை மெல்ல மெல்லக் கீழே சரிய, கூட்டம் முழுக்க அவளுக்குப் பதிலுக்குக் கையாட்டிக்கொண்டிருந்தது.