பழுப்புப் பூனையும் ஒரு சின்னச் சொல்லும்

மழையில் நனைந்த பழுப்புப் பூனை ஒன்று செவ்வந்தி வீட்டு வாசலில் வந்து நின்றது. அதன் கழுத்தில் சிவப்பு நாடா இருந்தது. யாரோ ஆசையாக வளர்க்கிற பூனை. அதை வீட்டுக்குள் சேர்த்துக்கொண்ட செவ்வந்தி, சொந்தக்காரருக்குத் தகவல் சொல்ல நினைத்தாள்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் தெலுங்கு பேசுபவர்களும் இந்தி பேசுபவர்களும் உண்டு. அதனால் ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதி, குவார்ட்டர்ஸ் எண்ணையும் போட்டு, பஸ் நிறுத்தத்தில் ஒட்டினாள் செவ்வந்தி.

'வி ஆர் லுக்கிங் ஃபார் எ பிரவுன் கேட்.'

மறுநாள் காலையில் பக்கத்துத் தெரு அக்கா ஒரு பூனையைத் தூக்கிவந்து, "இதானா பாரும்மா" என்றார். மாலையில் தோழி சண்முகப்ரியா அட்டைப்பெட்டியோடு வந்தாள். உள்ளே ஒரு குட்டி கத்தியது.

"ஏன் எல்லாரும் எங்க வூட்டுக்கே பூனையைக் கொண்டாறீங்க?"

"நீதானே பழுப்புப் பூனையைத் தேடுறதா எழுதியிருக்க?"

"தேடலையே. பூனையைப் பத்திரமா பாத்துக்கினு இருக்கோம்னுதான் எழுதினேன்."

"லுக் ஃபார்னா தேடுறது" என்று சிரித்தாள் சண்முகப்ரியா.

"அப்ப பாத்துக்கிறதுக்கு என்ன?"

அவளுக்கும் தெரியவில்லை. இருவரும் ஆங்கிலப் பாடப்புத்தகத்தைப் புரட்டினார்கள். ஓரிடத்தில் செவ்வந்தியின் விரல் நின்றது. 'தி நர்ஸ் லுக்ஸ் ஆஃப்டர் தி பேஷண்ட்.'

"ஆஃப்டர்னா பிறகுதானே?" என்றாள் சண்முகப்ரியா.

செவ்வந்தி யோசித்தாள். "தனியா இருந்தா பிறகு. லுக்கோட சேர்ந்தா வேற அர்த்தம் போல. நர்ஸ் பேஷண்ட்டைப் பாத்துக்கத்தானே செய்வாங்க? தேடிக்கினு இருந்தா ஆஸ்பத்திரி என்னாவறது?"

குட்டியை அதன் அம்மாவிடமே விட்டுவிட்டு, இருவரும் புதிய தாளை ஒட்டினார்கள். 'வி ஆர் லுக்கிங் ஆஃப்டர் எ லாஸ்ட் பிரவுன் கேட்.'

அடுத்த நாள், மைன்ஸில் ஷிப்ட் முடிந்து, புதிய தாளைப் பார்த்துவிட்டு நேராக வந்தார் பூனையின் சொந்தக்காரர் மாடசாமி மாமா. அவர் குரல் கேட்டதுமே பூனை ஓடிப்போய் அவர் காலைச் சுற்றியது.

"முதல்ல ஒட்டின தாளை நீங்க பாக்கலையா மாமா?" என்று தயங்கிக் கேட்டாள் செவ்வந்தி.

"பாத்தேம்மா. பாவம், உங்க பூனையும் தொலைஞ்சு போச்சேன்னு, ரெண்டு நாளா ரெண்டு பூனையைத் தேடிட்டு இருந்தேன்."