கண்ணாடி இல்லாத சட்டம்

மூன்றாவது டேக்கில்தான் அவள் அதைக் கவனித்தாள். முதலில் கையைத் தூக்கியது அவள். கதாநாயகி அவளைப் பார்த்துத் தூக்கினாள்.

அப்படி நடக்கக் கூடாது. அவள் டூப். ஆளுயரச் சட்டத்துக்குள் கண்ணாடி கிடையாது. இருந்தால் கேமரா தெரிந்துவிடும். சட்டத்துக்கு அந்தப் பக்கம் அதே மாதிரி இன்னொரு அறை, அதே சேலை, அதே கொண்டையோடு அவள். கதாநாயகி என்ன செய்தாலும் பிம்பம்போல இடம் வலம் மாற்றிச் செய்ய வேண்டும். படம், தான் யாரென்று மறந்துபோகும் ஒருத்தியின் கதை. காலையிலிருந்து இயக்குநர் இந்த ஒரு காட்சியையே விதவிதமாக எடுத்துக்கொண்டிருந்தார்: பாதி முகம் மட்டும், பின்னணி மங்க, லென்ஸ் மூச்சுப் படும் தூரத்தில்.

"சார், மேடம் எனக்கு அப்புறமா கையைத் தூக்குறாங்க."

"நல்லாத்தாம்மா இருக்கு. நீ பாட்டுக்குச் செய்."

அவர் மானிட்டரை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

விளக்குச் சூட்டில் புது பெயின்ட் வாடையும் கருகிய தூசி வாடையும் கலந்து தொண்டையை அடைக்க, எங்கோ ஜெனரேட்டர் ஒரே சுருதியில் முனக, டேக்குகளுக்கு நடுவே கதாநாயகி சட்டத்தின் மேல் சாய்ந்துகொண்டு, யாருக்கும் கேட்காத குரலில் விசாரித்துக்கொண்டே இருந்தாள்.

"உனக்கு ஒரே பொண்ணா?"

"ஆமா மேடம். ரெண்டாவது படிக்குது."

"வீட்டுக்காரர் உன்னை எப்படிக் கூப்பிடுவாரு?"

அவளுக்கு வெட்கமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது. இவ்வளவு பெரிய நடிகை தன்னிடம் பேசுகிறாளே. "குட்டிம்மான்னு," என்றாள். கேட்டது, கேட்காதது எல்லாம் சொன்னாள். மகள் எதற்கு அழுவாள், எதற்குச் சிரிப்பாள், எல்லாம்.

பதினோராவது டேக்.

"கட்! ஓகே. பேக்கப்!"

அவள் நகரப் பார்த்தாள். கால் வரவில்லை. எதிரே கதாநாயகி நெற்றியைத் துடைத்தாள். அவள் கையும் எழுந்து நெற்றியைத் துடைத்தது.

அவள் துடைக்கவில்லை. கைதான் துடைத்தது.

வாசலில் அவள் கணவன். அவன் கையைப் பிடித்தபடி மகள். கூட்டிப்போக வந்திருந்தார்கள்.

மகள் ஓடி வந்தாள். கதாநாயகியின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"என்ன குட்டிம்மா, முகமெல்லாம் வாடிப்போச்சு. போலாமா?" என்றான் கணவன். அவளிடம் இல்லை.

கத்த வாயைத் திறந்தாள். கதாநாயகி சிரித்தாள். அவள் வாயும் சிரித்தது.

மகள் சட்டத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, அது யாரு?"

"அதுவா? டூப்பு. வா, நேரமாச்சு."

போனார்கள். மகள் திரும்பிப் பார்க்கவில்லை.

விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார்கள். செட் ஆட்கள் இருவர் அவள் தோளை உரசிக்கொண்டு வயர்களைச் சுருட்டினார்கள். டூப்பை யார் பார்ப்பார்கள். வெளியே பூட்டு விழுந்தது.

இருட்டு.

வெகுநேரம் கழித்து அவள் முழங்கால்கள் தாமாக மடங்கின. கைகள் நீண்டன. மகள் முன்னால் உட்கார்ந்தால் தலை வரும் உயரத்தில், ஒன்றுமில்லாத வெளியில், விரல்கள் பொறுமையாக வகிடெடுத்தன. மூன்று காலாகப் பிரித்தன. இழுத்து இழுத்துப் பின்னின.

குனிந்து, அந்த இல்லாத உச்சந்தலையில், அவள் உதடுகள் முத்தமிட்டன.