மொட்டைமலையின் பின்பக்கம்

ஒன்பது நாளாக மோகனா பாதி மலையைத்தான் சுற்றிக்கொண்டிருந்தாள்.

முன்பக்கம் சுலபம். வேர்க்கடலைக் கொல்லைகள், கோழிகள், ஒரு டீக்கடை. பின்பக்கம் வீடு கிடையாது. இடது கைப்பக்கம் பாறை. வலது கைப்பக்கம் வற்றிய ஏரி. ஜனவரி மாதம். விடியற்காலையில் ஏரியிலிருந்து பனி ஏறி வந்து பாதையை மூடிவிடும்.

குடியரசு தினத்தன்று பந்தயம். மொட்டைமலையை சைக்கிளில் மூன்று முறை சுற்ற வேண்டும். ஒரு சுற்று ஏழு கிலோமீட்டர். பாதை முழுக்கக் கல், மணல், மேடு, பள்ளம்.

முதலில் வர வேண்டும் என்று மோகனா நினைக்கவில்லை. அவளுக்குப் பதினொரு வயது. சைக்கிள் ஓட்டக் கற்று ஆறு மாதம் ஆகிறது. மூன்று சுற்றையும் முடிக்க வேண்டும். அவ்வளவுதான்.

இதுவரை ஒரு சுற்றுகூட முடிக்கவில்லை.

பாதை பாறையைச் சுற்றித் திரும்பும் இடத்தில் தினமும் அது இருந்தது.

அதுவும் சைக்கிளில்தான் போயிற்று. அவளுக்கு முன்னால், பனிக்குள். தலை வெள்ளை. முதுகு வெள்ளை. பெடலை மிதிக்கும் கால்களும் வெள்ளை. செயின் சத்தம் கிடையாது. பெல் சத்தம் கிடையாது. திரும்பிப் பார்ப்பதும் கிடையாது.

மோகனா பிரேக் பிடிப்பாள். சைக்கிளைத் திருப்புவாள். வந்த வழியே வீட்டுக்கு வந்துவிடுவாள்.

ஒன்பதாம் நாள் அண்ணன் ஜெயசீலன் வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். அவன் பத்தாம் வகுப்பு. அந்தத் தடித்த டயர் சைக்கிள் அவனுடையதுதான். அவனுக்குக் கால் நீண்டுவிட்டதால் அவளுக்கு வந்தது.

"இன்னா, சீக்கிரம் வந்துட்ட? மலையைச் சுத்துனியா, மலை உன்னைச் சுத்துச்சா?"

மோகனா சொன்னாள். அவன் தேய்ப்பதை நிறுத்தினான்.

"வெள்ளையா?"

"முழுசா."

ஜெயசீலன் உள்ளே போனான். ஒரு காகிதப் பொட்டலத்தோடு திரும்பி வந்தான்.

"கல்லுப்பு. பேய்க்கு உப்பு ஆவாது. மேல வீசிடு. காணாம போய்டும்."

"நீயும் வாயேன்."

"எனக்குப் படிக்கறது ஜாஸ்தி இருக்கு," என்றான்.

மறுநாள் மோகனா பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். பாதை பாறையைச் சுற்றித் திரும்பியது. அது முன்னால் போய்க்கொண்டிருந்தது. இந்த முறை அவள் பிரேக் பிடிக்கவில்லை. நெருங்கினாள். கை நிறைய உப்பை எடுத்து வீசினாள்.

உப்பு அதன் முதுகில் விழுந்தது. அது காணாமல் போகவில்லை. தோள்கள் மட்டும் ஒருமுறை குலுங்கின. பிறகு வேகமாகப் பனிக்குள் போய்விட்டது.

மோகனா கீழே பார்த்தாள். பாதையில் வெள்ளையாக ஒரு கோடு. அது போன வழியெல்லாம் அந்தக் கோடு இருந்தது. குனிந்து, விரலால் தொட்டு, நாக்கில் வைத்தாள்.

உப்பு.

அவள் வீசியது ஒரு கை. இங்கே கிடந்தது ஒரு படி இருக்கும். பேயே உப்பைச் சிந்திக்கொண்டு போயிருக்கிறது.

அவள் சைக்கிளைத் திருப்பினாள். வீடு வரும்வரை நிற்கவில்லை.

மதியம் பள்ளிக்கூடத்தில் கணக்கு வகுப்பு. மோகனா தன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நகத்துக்குள் ஏதோ சிக்கியிருந்தது. பென்சில் முனையால் எடுத்தாள். சின்ன முடி. பழுப்பு நிறம். ஆட்டு முடி.

பேய்க்கு ஆட்டு முடி எதற்கு?

அன்று இரவு அவள் சரியாகத் தூங்கவில்லை. காலையில் உப்பு எடுக்காமல் கிளம்பினாள்.

பனி அதிகமாக இருந்தது. முதலில் வாடை வந்தது. தோல் மண்டிப் பக்கம் போனால் வரும் அதே வாடை. பிறகு வெள்ளை முதுகு தெரிந்தது. பெடலை மிதித்து அதற்குப் பக்கத்தில் போனாள்.

"யாரு?" என்றாள்.

வெள்ளை சைக்கிள் நின்றது.

முகம் மெதுவாகத் திரும்பியது. இமைகூட வெள்ளை. வாயே இல்லை. வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துணி. ஒரு வெள்ளைக் கை அதைக் கீழே இழுத்தது. வெள்ளை முகத்தின் நடுவே, மூக்கும் வாயும் மட்டும் மாநிறமாக வெளியே வந்தன.

வாய் பேசியது.

"நீ மனுசப் பொண்ணா?"

ஆமாம் என்று மோகனா தலையாட்டினாள்.

"அப்பாடா," என்றாள் அந்தப் பெண். காலை ஊன்றி நின்று மூச்சு விட்டாள். "பத்து நாளா கிறீச் கிறீச்னு பின்னாடியே ஒரு சத்தம் வருது. முத நாள் திரும்பிப் பாத்தேன். பனியில சின்னதா ஒரு உருவம். கொஞ்ச தூரத்துல காணோம். அப்புறம் நான் திரும்பவே இல்ல."

"நான் வீட்டுக்குப் போய்ட்டேன்."

"அது எனக்குத் தெரியுமா? நேத்து முதுகுல பொரபொரன்னு வேற எதோ வுழுந்துச்சு. செத்தேன்னு நெனச்சேன்."

"உப்புதான்க்கா."

"எனக்கு உப்பா?"

அவள் சிரித்தாள். சிரித்ததில் தலையிலிருந்தும் தோளிலிருந்தும் உப்பு கொட்டியது.

அவள் பெயர் எல்லம்மா. ஏரிக்கு அந்தக் கரையில் ஒரு தோல் மண்டி. லாரியில் வரும், இன்னும் பதப்படுத்தாத பச்சை ஆட்டுத்தோல் கெட்டுப்போகாமல் இருக்க ராத்திரி முழுக்க உப்பைக் கொட்டித் தேய்ப்பது அவள் வேலை.

"பஸ்ல போகக் கூடாதாக்கா?"

"இப்படியேவா? ஏறினா மூக்கைப் பொத்திக்கறாங்க. அதான் இந்த வழி. கீழ பம்ப்செட்ல குளிச்சுட்டு, ஊருக்குள்ள மனுசியா போவேன்."

"உங்க சைக்கிள்ல சத்தமே வரலையே."

"செயினுக்கு ஆட்டுக் கொழுப்பு தடவறேன். நீ எண்ணெயாவது போடு பாப்பா. உன் செயின் சத்தம் கேட்டா எனக்கு இப்பவும் வேகமா மிதிக்கத் தோணுது."

அன்று மோகனா ஒரு சுற்று முடித்தாள். அடுத்த வாரம் இரண்டு. மூன்றாவது சுற்றுக்குக் கால்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அதற்குள் பந்தய நாள் வந்துவிட்டது.

காலை ஆறு மணி. பன்னிரண்டு பேர். பதினொரு பையன்கள், மோகனா. டீக்கடை தாண்டுவதற்குள் எல்லாரும் அவளை முந்திவிட்டார்கள். பனியில் அவர்களுடைய சத்தமும் மறைந்தது.

பாறையைச் சுற்றித் திரும்பினாள். பதினொரு சைக்கிளும் அங்கே நின்றுகொண்டிருந்தன.

எல்லாரும் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மோகனாவும் பார்த்தாள்.

ஏரிக்குள்ளிருந்து அவர்கள் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக, சைக்கிளில், சத்தம் இல்லாமல். எல்லாரும் வெள்ளை. யாருக்கும் வாய் இல்லை. மோகனா எண்ணினாள். ஒன்பது பேர்.

"திரும்பிப் போய்டலாம்," என்றான் ரோஹன். பள்ளிக்கூடத்திலேயே வேகமாக சைக்கிள் ஓட்டுபவன் அவன்தான்.

மோகனாவும் பிரேக் பிடித்தாள். ஒருவரைத்தான் அவளுக்குத் தெரியும். ஒன்பது பேர் எப்படி வந்தார்கள்? அப்போதுதான் நினைவு வந்தது. இந்த வருஷம் பக்ரீத் ஜனவரியில் வந்திருந்தது; முடிந்து ஐந்து நாள்தான் ஆகிறது. ஊர் ஊராக லாரிகளில் ஆட்டுத்தோல் வந்து இறங்கியிருக்கும். மண்டிக்கு ஆட்கள் அதிகம் வேண்டும்.

அவள் எதுவும் சொல்லாமல் போயிருக்கலாம். மற்றவர்கள் திரும்பிப் போயிருப்பார்கள். அவள் முதலில் வந்திருப்பாள்.

"பேய் இல்ல," என்றாள். "பக்ரீத் தோலுக்கு உப்பு போட்டுட்டு வர்றாங்க. வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போறவங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

மோகனா அந்த வெள்ளை உருவங்களுக்கு நடுவில் சைக்கிளை விட்டாள். ஒன்பது முகங்களும் ஒரே மாதிரி இருந்தன. எது எல்லம்மா என்று தெரியவில்லை.

"எல்லம்மாக்கா?"

வாய்களில் துணி. பிறகு பனிக்குள் எங்கோ ஒரு பெல் அடித்தது. அதைக் கேட்டு இன்னொன்று. கடைசியில் ஒன்பது பெல்லும் அடித்தன.

பையன்கள் அவளுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தார்கள். கொஞ்ச நேரம் மோகனா முதலில் இருந்தாள். பனி விலகியதும் ஒவ்வொருவராக அவளை முந்திப் போனார்கள். ரோஹன் மட்டும் போகும்போது, "தேங்க்ஸ்," என்று முணுமுணுத்தான்.

மூன்றாவது சுற்றில் பின்பக்கம் அவள் தனியாக இருந்தாள். யாரும் இல்லை. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினாள். மறுபடி ஏறினாள்.

எல்லைக்கோட்டில் நின்ற கூட்டத்தில் பாதிப் பேர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். ஜெயசீலன் நின்றிருந்தான்.

"பன்னெண்டாவது," என்றான்.

"மூணு சுத்து," என்றாள் மோகனா. சைக்கிளோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவன் தண்ணீர் கொடுத்தான். அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தான். பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"அந்தப் பக்கம் இன்னாதான் இருக்கு?"

மோகனா வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"ரோடு," என்றாள்.