நல்ல தண்ணீர்க் கிணறு

காலையில் வாய் கொப்பளித்த தண்ணீரில் அழுகிய வைக்கோல் மணந்தது. வைத்திலிங்கம் அவசரமாகத் துப்பிவிட்டுச் செம்பை முகர்ந்து பார்த்தார். செம்பில் ஒரு குற்றமும் இல்லை. உள்ளங்கையில் தேங்கிய நீரும் தெளிவாகத்தான் இருந்தது.

"இஞ்சை பாரும், தண்ணி மணக்குதோ?"

மனைவி சறோஜினிதேவி ஒரு மிடறு குடித்தாள். "உங்கடை மூக்கிலைதான் ஏதோ பிழை. தேன் மாதிரி இருக்கு. பந்தலுக்கு அள்ளவேணும், தள்ளி நில்லுங்கோ."

தேர்த் திருவிழாவுக்குத் தண்ணீர்ப்பந்தல் போடுவது பரம்பரையாக அந்த வீட்டாரின் உரிமை. தீவில் முக்கால்வாசிக் கிணறு உவர். அவருடைய வீட்டு வளவுக் கிணறு மட்டும் கோடையிலும் இனிக்கும். சரவணையிலிருந்தும் புங்குடுதீவிலிருந்தும் வருகிற சனம் சாமியைக் கும்பிட முதல் அந்தத் தண்ணீரைத்தான் தேடும். அந்தப் பெருமையைச் சால்வைபோலத் தோளில் போட்டுக்கொண்டு திரிகிற மனுசன் அவர். வேலைகளை மேற்பார்க்கிற கிராமச் சபை ஓவசியர் உத்தியோகம் சால்வைக்குச் சரிகை வைத்த மாதிரி.

ஆனால் இந்தப் பங்குனியில் அவர் ஒரு வேலை செய்திருந்தார்.

மார்கழிப் புயலில் செத்த மாடுகளை வேறாகக் குழி வெட்டித் தாழ்க்க ஆளில்லை என்று, சபையின் குப்பைக் கிடங்கிலேயே தள்ளச் சொன்னவர் அவர். மழைநீர் அவற்றினூடாக ஊறி, கறுத்துத் தடித்து, கோயில் வீதிக்கு வழியத் தொடங்கியது. பீப்பாய்களில் அள்ளித் தூரத்துக் கடற்களப்பில் கொட்டுவது என்றுதான் சபையில் தீர்மானம். அவருக்குப் பொறுமை இல்லை. கிடங்குக்குப் பக்கத்துப் பனங்காணியில் ஒரு பாழ்கிணறு, கடல் வற்றினால் தாழும், பெருகினால் ஏறும். அடியால் கடலோடு தொடுப்பு என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள்.

"கடல் வத்தேக்கை அதோடை போயிடும், சேர்மன்," என்று சபைத் தலைவர் தியாகலிங்கத்திடம் சொல்லி அந்தக் கிணற்றுக்கு வாய்க்கால் வெட்டுவித்தார். ஒரே கிழமையில் கிடங்கு காய்ந்தது. சபைக் கூட்டத்தில் சேர்மன் அவரை மெச்சிப் பேசினார். வற்றோடு போவது பெருக்கோடு திரும்பி வரும் என்பதும், தீவு முழுக்க அடியில் ஓட்டை விழுந்த ஒரே கல்தான் என்பதும் அந்தக் கெட்டிக்காரருக்கு அன்று தோன்றவில்லை.

கடைசிக் குடத்தோடு சறோஜினியும் மகள் மீனாம்பிகையும் பந்தலுக்குப் போனபின், நடு மத்தியான வெயிலில் அவர் கிணற்றடிக்குப் போனார். காற்று விழுந்திருந்தது, துலாக்கயிறு அசையாமல் தொங்க, கோயில் மேளம் எங்கோ மண்ணுக்கடியில் அடிப்பதுபோல் மங்கிக் கேட்க, கிணற்றுக் கட்டின்மேல் கை வைத்துக் குனிந்தவருக்கு முதலில் தம் முகமும் அதன் பின்னால் வெள்ளை வானமும்தான் தெரிந்தன. பிறகு முகம் மெல்லப் பெரிதாகியது. நீர் ஏறிக்கொண்டிருந்தது. கடல் பெருகுகிற நேரம்.

தெளிந்த நீருக்கு அடியில், கல்லிடுக்கிலிருந்து, கறுப்பாக ஏதோ புடைத்து வந்தது. புடைத்தது. சுருங்கியது. மறுபடி புடைத்தது. மாட்டின் விலா மூச்சு வாங்குவதுபோல. சூடான காற்று அவர் முகத்தில் பட்டது. ஈரமாக.

அவர் துள்ளிப் பின்வாங்கினார். உடனே செய்த காரியம், யாராவது பார்த்தார்களா என்று வேலிப்பக்கம் திரும்பிப் பார்த்ததுதான். அதை நினைக்கக் கூசியது. சீ, நானும் ஒரு மனுசனோ?

பந்தலை நோக்கி ஓடினார். சால்வை வழியில் விழுந்தது, எடுக்கவில்லை. குடிக்காதேங்கோ என்ற ஒரு சொல் போதும். ஊர் காறித் துப்பட்டும். பிள்ளை குடிக்கக்கூடாது.

"ஓவசியர் ஐயா வாறார், வழி விடுங்கோ!"

சனம் விலகியது. சேர்மன் எழுந்து கைகூப்பினார். கையில் தண்ணீர் நிறைந்த மூக்குப்பேணியோடு நின்ற அன்னப்பிள்ளைக் கிழவி கண்கலங்கினாள். "உந்தத் தண்ணிக்காகத்தான் தம்பி சரவணையிலையிருந்து நடந்து வந்தனான். நீங்கள் நல்லாயிருக்கவேணும்."

அவர் வாயைத் திறந்தார். எத்தனை முகங்கள். எல்லாவற்றிலும் மரியாதை. வெட்கம் முந்திக்கொண்டது.

"எல்லாரும்... வயிறாறக் குடியுங்கோ," என்றார்.

குடித்தார்கள்.

"நீங்களும் குடியுங்கோவன், வேர்த்து ஒழுகுது," என்று சறோஜினி பேணியை நீட்டினாள். மறுக்க முடியவில்லை. குடித்தார். இனித்தது. தொண்டை வழிய இனித்தது. அழுகை வந்தது.

பேணியைத் தாழ்த்தினார்.

மேளம் நின்றிருந்தது. சேர்மனின் தாடை பக்கவாட்டில் அசைந்தது. மெதுவாக. கிழவியினுடையதும். சறோஜினியினுடையதும். பந்தல் முழுக்க. வெறும் தண்ணீர் குடித்தவர்கள். எல்லோரும் அசைபோட்டார்கள். ஒரே தாளத்தில். பெரிய ஈரக்கண்கள் எல்லாம் அவரைப் பார்த்தன. ஒன்றிலும் கோபம் இல்லை.

"பிள்ளை..." என்றார்.

மீனாம்பிகை கூட்டத்தை விலக்கி வந்தாள். குனிந்து, நெற்றியால் அவர் இடுப்பில் முட்டினாள். பிறகு அவர் கையைப் பற்றி, வியர்வை உப்பை நக்கத் தொடங்கினாள். நாக்கு சொரசொரத்தது. கறுப்பு. முழங்கைவரை எட்டுகிற நீளம்.