சுரமுறிக்கொடிக்குச் சொன்ன பெயர்

கொல்லி மலையின் உச்சியில் ஒட்டிக்கொண்டிருந்த கடைசிச் செவ்வொளியும் கரைந்து, ஐயாற்று நீரில் அந்தியும் நிலவும் பாதி பொன்னும் பாதி வெள்ளியுமாகக் கலந்துகொண்டிருந்த வேளை அது. ஆற்றின் கீழ்க்கரையில் வாகைக்குன்றக் கோட்டை, மதில்மேல் ஏற்றிய பந்தங்களோடு, உறங்காமல் படுத்திருக்கும் யானையைப் போலக் கிடந்தது.

வாசக அன்பர்களே! அந்தக் கோட்டைக்கு அப்போது இரண்டு பகைகள் இருந்தன. ஒன்று, மேல்கரை நாட்டு மன்னரின் படை. அது இரண்டு காத தூரத்தில் பாசறை அமைத்துக் காத்திருந்தது. மற்றொன்று மதிலையும் அகழியையும் மதிக்காமல் உள்ளே நுழைந்து, கோட்டையை ஆளும் நல்லமங்கை நாச்சியாரின் கட்டிலருகிலேயே உட்கார்ந்துவிட்டது. அதன் பெயர் முறைக்காய்ச்சல். ஒரு நாள் விட்டு ஒரு நாள், உச்சிப்பொழுதில், சொல்லிவைத்தாற்போல் வரும். முதலில் நகங்கள் நீலம் பாயும், பிறகு நடுக்கம், பிறகு நெருப்பு. இரண்டு முறை வந்து போய்விட்டது. மறுநாள் உச்சியில் மூன்றாவது முறை. அதை நாச்சியாரின் உடம்பு தாங்காது என்பது கோட்டைக்குள் ஒருத்திக்கு மட்டுமே தெரியும்.

அவள் பெயர் ஆதிச்சி. நோயாளிகள் தங்கி மருந்துண்ணும் ஆதுலசாலை அவள் பொறுப்பில் இருந்தது. நாச்சியார் அவளுடைய தாயின் பாலைக் குடித்து வளர்ந்தவர். ஆகவே சபையில் 'நாச்சியாரே' என்று வணங்குவாள். கதவைச் சாத்திவிட்டால் 'அக்கா' என்பாள்.

படித்துறையின் கடைசிப் படியில் நின்று, முந்தாநாள் மருந்துக்கு அரைத்தது போக மிஞ்சிய வேர்த்துண்டை ஆதிச்சி கடித்துப் பார்த்தாள். சுரமுறிக்கொடியின் வேர் என்றால் கசப்பு நாக்கோடு நிற்காது, காதுவரை ஏறும், கண்ணில் நீரை வரவழைக்கும். இதுவும் கசந்தது. ஆனால் வெறும் பாகற்காயின் அளவுக்குத்தான் கசந்தது.

"கொற்றா! இந்த வேரை எப்போது எடுத்தாய்?"

கூடையைக் கழுவிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். நாற்பது நாட்களுக்கு முன் மலையிலிருந்து வந்ததாகச் சொல்லி, மூலிகை கொண்டுவரும் வேலையில் சேர்ந்த நெடிய இளைஞன். தலைப்பாகை கட்டத் தெரியாது. ஆளைச் சிரிக்க வைக்கத் தெரியும். அவனுடைய கூடை வாசலில் இறங்கும் ஓசைக்காகத் தன் மனம் காத்திருக்கத் தொடங்கியதை ஆதிச்சி தன்னிடமேகூட இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

"தாங்கள் சொன்ன அன்று மாலையே, நங்கையே. ஓடிப்போய் ஓடிவந்தேன். முள் தைத்த இடத்தைக் காட்டட்டுமா?"

"முள் இருக்கட்டும். காப்புக் கட்டினாயா?"

கொற்றனின் முகத்திலிருந்த சிரிப்பு விளக்கை ஊதினாற்போல் அணைந்தது.

காப்பு என்பது என்னவென்று இங்கே சொல்லிவிட வேண்டும். ஐயாற்றின் இரண்டு கரையிலும் உயிர்காக்கும் வேரை யாரும் கண்டவுடன் பிடுங்குவதில்லை. வேர் எடுப்பவன் முதல் நாள் அந்தியில் செடியின் முன் நின்று, மஞ்சள் நீர் தெளித்து, அதன் தண்டில் மஞ்சள் நூல் கட்டி, தன் தந்தை பெயரையும் தன் பெயரையும் சொல்ல வேண்டும். யாருக்காக எடுக்கிறான் என்பதையும் சொல்லி, அவர்மேல் தன் ஆயுதம் ஒருநாளும் உயராது என்று வாக்குக் கொடுக்க வேண்டும். விடியலில் வந்து கேட்டால்தான் செடி தன் உயிரை வேருக்குள் வைத்துத் தரும். பொய்ப் பெயர் சொன்னவனுக்கு வெறும் விறகுதான் மிஞ்சும்.

"கட்டவில்லை" என்றான் கொற்றன்.

"ஏன்?"

"மனிதர்களிடம் நான் எது வேண்டுமானாலும் சொல்வேன், நங்கையே. செடியிடம் சொல்ல நா எழவில்லை."

"பெயரைச் சொல்ல நா எழாதா? உனக்கு இருப்பது ஒரு பெயர்தானே?"

அவன் ஆற்றைப் பார்த்தான். அந்தப் பார்வை ஆதிச்சிக்குப் பிடிபடவில்லை. ஆனால் அதை நின்று ஆராய அவளுக்கு நேரமில்லை.

"முதிர்ந்த கொடி இன்னும் எத்தனை இருக்கிறது?"

"ஒன்றே ஒன்று. மற்றவை நேற்று முளைத்த குஞ்சுகள்."

"அப்படியானால் கயிற்றை எடு. அந்தி முழுதாக மறையவில்லை."

கோட்டைக்குப் பின்னால் கழுகுப்பாறை ஆற்றின்மேல் கவிழ்ந்து நின்றது. அதன் விளிம்புக்குக் கீழே, இரண்டு ஆள் ஆழத்தில், ஒரு வெடிப்புக்குள் சுரமுறிக்கொடி வேர்விட்டிருந்தது. அத்திமரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிய கயிற்றின் முனையை ஆதிச்சி தன் இரு கைகளிலும் பிடித்துக்கொள்ள, கொற்றன் மறுமுனையை இடுப்பில் கட்டிக்கொண்டு, அவள் கொடுத்த மஞ்சள் நூலோடு இறங்கினான்.

"மெல்ல விடுங்கள்! வேரைத் தேடி வந்தேன். மீனைத் தேடி அல்ல."

"வாயை மூடிக்கொண்டு இறங்கு. வாயும் பாரம்தான்."

கயிறு நின்றது. கீழே சலசலப்பு அடங்கியது. மஞ்சள் நீர் தெளிக்கும் ஓசை கேட்டது. பிறகு நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. 'சொல்லப் போகிறானா, மாட்டானா?' என்று அவள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். பாறைக்குக் கீழேயிருந்து அவன் குரல் வந்தது. நாற்பது நாளும் கேட்ட குரல்தான்; ஆனால் அதில் விளையாட்டு இல்லை.

"கொடியே! மேல்கரை மன்னர் இளம்பரிதியின் மகன், அவர் படைக்குத் தலைவன், செருமாறன் உன்னிடம் கேட்கிறேன். வாகைக்குன்றத்து நல்லமங்கை நாச்சியாருக்காக உன் உயிரைக் கேட்கிறேன். இனி அவர்மேல் என் ஆயுதம் உயராது."

ஆதிச்சியின் உள்ளங்கையில் கயிறு நெருப்பாகச் சுட்டது.

செருமாறன்! எந்தப் பெயரைக் கேட்டால் கோட்டை வாயில்களில் இரட்டைத் தாழ் போடுவார்களோ, அந்தப் பெயர். நாற்பது நாளும் மூலிகைக் கூடையோடு மதிலின் உயரத்தையும் வாயில்களின் காவலையும் அளந்தவன். நாச்சியார் நாளை இறந்தால் கோட்டைக் கதவு தானாகத் திறக்கும்; அவன் வாய்மூடி இருந்திருந்தாலே போதும். இப்போதோ அவன் உயிர் அவளுடைய பத்து விரல்களில் தொங்குகிறது. விரல்களை விரித்தால் ஆறு மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

"மேலே அசைவே இல்லையே" என்றது குரல். "விட்டுவிடத் தீர்மானமா?"

"விட்டால் விடியலில் வேரை யார் எடுப்பது?" என்றாள் ஆதிச்சி. "ஏறி வாரும்."

விளிம்பைப் பற்றி ஏறி வந்தவன் அவள் முன்னால் நின்றான்.

"இத்தனை நாள் 'வா' என்றீர்கள். இப்போது 'வாரும்' ஆகிவிட்டதா? பெயரைச் சொன்னதற்கு இதுதான் தண்டனையா?"

"தண்டனை பிறகு. எதற்காகச் சொன்னீர்? அதை மட்டும் சொல்லும்."

செருமாறன் கோட்டையின் பந்தங்களைப் பார்த்தான். "வாள்முனையில் வெல்ல வந்தேன். காய்ச்சலுக்குப் பின்னால் ஒளிந்து வெல்ல வரவில்லை. அதுமட்டுமல்ல; நேற்று உச்சியில் அந்தக் கட்டிலருகே தங்கள் முகத்தைப் பார்த்தேன். என் பொய் அங்கே என்ன செய்கிறது என்பதையும் பார்த்தேன்."

விடியலில் அவன் ஓடிப்போகாமல் வந்தான். அவளும் காவலரை அழைக்காமல் வந்தாள். நூல் கட்டிய தண்டைத் தொட்டு, நகம் படாமல், இரும்பு படாமல், மான்கொம்பால் அகழ்ந்து அவன் வேரை மேலே கொண்டுவந்தான். சுண்டுவிரல் பருமன்; அழுக்கு நிறம்; தெருவில் கிடந்தால் யாரும் குனியமாட்டார்கள். ஆதிச்சி அதன் ஓரத்தைக் கடித்தாள். கசப்பு நாக்கைத் தாண்டி, அண்ணத்தைத் தாண்டி, இரண்டு காதுகளிலும் மணி அடித்தாற்போல் ஏறியது. கண்கள் பொங்கின.

அப்போதுதான் அவளுக்கு ஒன்று விளங்கியது. பகலெல்லாம் இலைகளில் நின்று வெயிலைக் குடிக்கும் கசப்பு, இரவின் குளிர்ச்சியில் வேருக்கு இறங்குகிறது. அந்தியில் நூல் கட்டச் சொன்னவர்கள், ஆத்திரக்காரனின் கையை ஓர் இரவு கட்டிப்போட்டிருக்கிறார்கள்! ஆனால் அது விளங்கிய பிறகும் அவளுடைய வியப்பு குறையவில்லை, பெருகியது. யாரும் எட்டாத பாறை வெடிப்பில், ஒரு பிடி மண்ணையும் பனியையும் தின்று, இந்தக் கொடி யாருக்காக இந்தக் கசப்பைச் சேர்த்தது? மனித உடம்புக்குள் ஒரு நெருப்பு உண்டென்றும், அது உச்சிப்பொழுதில் எரியுமென்றும் பாறைக்கு யார் சொன்னது? அவள் வேரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"காவலரைக் கூப்பிடலாமே" என்றான் செருமாறன்.

"கூப்பிடத்தான் போகிறேன். கஷாயம் எட்டில் ஒன்றாக வற்றிய பிறகு. அதற்கு மூன்று நாழிகை ஆகும். அதுவரை அடுப்பை விட்டு நான் அகலக்கூடாது, யாரோடும் பேசக்கூடாது." சற்று நின்று, திரும்பாமலே சொன்னாள்: "மூன்று நாழிகையில் நல்ல ஓட்டக்காரன் ஆற்றைக் கடந்துவிடுவான்."

பின்னால் காலடி ஓசை தயங்கியது. பிறகு தேய்ந்தது.

உச்சிப்பொழுது வந்தது. நாச்சியாரின் அறையில் தூணின் நிழல் குறுகிக் குறுகித் தூணின் காலடியிலேயே சுருண்டது. ஆதிச்சி நாச்சியாரின் இரு கைகளையும் தன் மடியில் வைத்துக்கொண்டு பத்து நகங்களையும் பார்த்திருந்தாள். இதோ நீலம் பாயும். இதோ பல் கிட்டும் என்று எண்ணி எண்ணி அவள் நகங்கள்தாம் வெளுத்தன. நிழல் மறுபக்கம் எட்டிப் பார்த்தது. ஒரு விரற்கடை நீண்டது. ஒரு சாண் நீண்டது. நாச்சியாரின் நகங்கள் இளஞ்சிவப்பாகவே இருந்தன.

கட்டிலிலிருந்து மெல்லிய குரல் எழுந்தது: "அடி ஆதிச்சி, கையை விடடி, மரத்துப்போயிற்று. எனக்குப் பசிக்கிறது."

ஆதிச்சி தரையில் விழுந்து வணங்கினாள். நாச்சியாரையா, அந்த வேரையா, வேருக்குள் இறங்கியிருந்த பெருங்கருணையையா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

மூன்றாம் நாள் மாலை மேல்கரைப் படை ஆற்றின் அக்கரையில் வந்து நின்றது. போர்வையைப் போர்த்திக்கொண்டு நாச்சியார் மதில்மேல் ஏறிவிட்டார். படையிலிருந்து ஒரே ஒரு குதிரைவீரன் பிரிந்து தண்ணீர் ஓரம் வந்தான், இறங்கினான், இடுப்பு வாளை அவிழ்த்து மணலில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு கோட்டையை நோக்கி நின்றான். அவனுக்குப் பின்னால் ஒரு படகும் நகரவில்லை.

"யாரடி அந்தப் பைத்தியக்காரன்? தலைப்பாகையைக்கூட ஒழுங்காகக் கட்டவில்லை" என்றார் நாச்சியார்.

ஆதிச்சி சொன்னாள். கயிறு, பெயர், வாக்கு, மூன்று நாழிகை எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்து, தண்டனைக்குக் கழுத்தை நீட்டுபவளைப் போலத் தலை குனிந்தாள்.

நாச்சியார் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

"அடி பாதகி! பகைவனைத் தப்பவிட்டுவிட்டு எனக்குக் கஞ்சி ஊட்டினாயா?"

"ஆமாம், அக்கா."

"படை நடுவே வாளைக் கழற்றியவனை அவன் தந்தை சும்மா விடுவாரா? ஆற்றுக் காற்றில் நிற்கிறான் வேறு. நாளைக்கு அவனுக்கே இந்தக் காய்ச்சல் வந்தால் என்ன ஆகும்? யார் இருக்கிறார்கள் அவனுக்காகக் கொடியின் முன் நின்று பெயர் சொல்ல?"

ஆதிச்சி மடியிலிருந்து எதையோ எடுத்தாள். கழுகுப்பாறையில் கட்டியது போக மிஞ்சிய மஞ்சள் நூல். அதை அக்கரையில் நின்றவன் காணும்படி உயரப் பிடித்தாள். அந்திக் காற்றில் அது பொன்னிழையாக அசைந்தது.

"கோட்டை மருத்துவர் பூதியின் மகள் ஆதிச்சி இருக்கிறேன், நாச்சியாரே" என்றாள். "இனி அவர்மேல் என் ஆயுதமும் உயராது."