உட்காரச் சொன்ன இடம்

வேன் நின்றதும் முதலில் இறங்கியது அவள்தான். மற்ற ஏழு பேரும் எரிமலை பார்க்க வந்தவர்கள். தொப்பி, கேமரா, பிஸ்கட் பாக்கெட், ஓயாத சிரிப்பு. அவள் மட்டும் சண்டைக்கு வந்திருந்தாள்.

அடிவாரத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதன் சுவரெல்லாம் பாசி. காலை பத்து மணிக்கே புழுக்கத்தில் சட்டை முதுகோடு ஒட்டியது. மூச்சை இழுத்தால் அழுகிய முட்டை வாடை. மலை கண்ணில் படவில்லை. மேகத்துக்குள் எங்கேயோ இருந்துகொண்டு அடித்தொண்டையில் உறுமிக்கொண்டிருந்தது.

"உறுமு, உறுமு" என்று முணுமுணுத்தாள். அவள் ஒரு பள்ளியில் விளையாட்டு டீச்சர். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் சைரன். அது அவள் காதுக்கும் வந்திருந்தது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவள் தம்பி இதே கொட்டகையில் வந்து இறங்கினான். ஆபீஸ் வேலையாக வந்த ஊரில் ஒருநாள் ஓய்வு கிடைத்தது, எரிமலையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனில் சொன்னான். இரண்டு நாள் கழித்து, மேலே ஒரு பாறையில் சாய்ந்து உட்கார்ந்தபடி அவன் உடம்பு கிடைத்தது. சுற்றுலா கம்பெனி கொடுத்த அறிக்கையில் இருந்தது ஒரே ஒரு வரி. "எச்சரிக்கையை மீறித் தானாகவே முகமூடியைக் கழற்றிவிட்டுப் பின்தங்கினார்."

மீதியை ஊர் எழுதிக்கொண்டது. வீட்டில் ஏதோ தகராறாம், சாகத்தான் போனானாம். தம்பி மனைவி வெளியே தலைகாட்டுவதை நிறுத்திவிட்டாள். அவன் மகள் நாலாம் வகுப்பு, அத்தை வேலை பார்க்கும் அதே பள்ளி. போன மாதம் அவள் ஒரு பையன் கையைக் கடித்துவிட்டாள் என்று அத்தையைத் தலைமையாசிரியர் அறைக்குக் கூப்பிட்டார்கள். "உங்கப்பா சாகத்தானே அங்க போனாரு" என்று அந்தப் பையன் கேட்டிருக்கிறான். குழந்தை அழவில்லை. அத்தையின் முகத்தைப் பார்த்து, "அப்பா வேணும்னேவா கழட்டினாரு, அத்தை?" என்று மட்டும் கேட்டாள்.

அந்த வரியை மாற்றி எழுதி வாங்காமல் திரும்புவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தாள். கம்பெனிக்கு ஆறு கடிதம் போட்டும் பதில் இல்லை. அதனால்தான் யாரென்று சொல்லாமல், மற்றவர்களைப் போல டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தாள். தம்பியைக் கூட்டிப்போன அதே வழிகாட்டிதான் இன்றைக்கும் வருகிறான் என்று விசாரித்து வைத்திருந்தாள்.

வழிகாட்டி நாற்பது வயதுக்காரன். எலும்பும் தோலுமாக இருந்தான். கொட்டகைச் சுவரில் வரிசையாக ஆணிகள், ஒவ்வொன்றின் மேலும் பெயிண்டில் ஓர் எண், ஒவ்வொன்றிலும் ஒரு ரப்பர் முகமூடி.

"மேல போனா புகையில ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாது. அதனால நாங்க ஆளை எண்றதில்ல, மாஸ்க்கைத்தான் எண்ணுவோம். திரும்பி வந்ததும் அவங்கவங்க ஆணியில மாட்டிடுங்க. ஆணி நிறைஞ்சாத்தான் வேன் கிளம்பும்."

"அப்ப ஆள் வராட்டியும் பரவாயில்ல, மாஸ்க் வந்தா போதும்!" என்றான் கேமராக்காரன் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். வழிகாட்டி சிரிக்கவில்லை.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. ஐம்பது பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போனால், ஒவ்வொன்றின் தலையிலும் கைவைத்து எண்ணிப் பஸ்ஸில் ஏற்றுகிறவள் அவள்.

முகமூடிகளைத் துடைத்து எடுத்துக் கொடுப்பது ஒரு வயதான அம்மாள். ஏழாம் எண்ணுக்கு வந்ததும் கையை இழுத்துக்கொண்டாள். "இது வேணாம்மா. உள்ள வேற ஒண்ணு இருக்கு, பழசு, எடுத்துட்டு வரேன்."

"இதுக்கு என்ன கேடு? குடுங்க."

வாங்கி உள்பக்கம் விரலை விட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. ரப்பரெல்லாம் ஈரம். இப்போதுதான் ஒருவர் முகத்திலிருந்து கழற்றியது போல.

"யார் போட்டுட்டுக் கழட்டினது?"

"யாரும் போடலம்மா. எட்டு மாசமா அதை யாருக்கும் குடுக்கல."

"அப்புறம் எப்படி ஈரம்?"

அம்மாள் வழிகாட்டி நிற்கும் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "தினம் காலையில துடைச்சு வெயில்ல வச்சுத்தான் மாட்டுறேன். மறுநாள் பார்த்தா இப்படித்தான் இருக்கு."

எட்டு மாதம். "இறந்துபோனவரோட மாஸ்க்கா இது? அன்னைக்கு இது கீழ வந்துச்சா?"

"எல்லா ஆணியும் நிறைஞ்சுதாம்மா இருந்துச்சு. நான்தான் பாத்துட்டு வேனுக்குக் கையைக் காட்டினேன்." அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தானாகக் கழற்றிப் போட்ட முகமூடி, தானாக மலையிறங்கி வந்து தானாக ஆணியில் தொங்குமா? இந்தக் கேள்வியை ஒரு போலீஸ்காரனும் கேட்கவில்லை. அவள் முகமூடியை மாட்டி வாரை இறுக்கினாள்.

இரண்டு மணி நேர ஏற்றம். மரங்கள் குட்டையாகி, பிறகு புதராகி, பிறகு இல்லாமலே போயின. கருஞ்சாம்பல் கால் வைக்க வைக்கச் சரிந்தது. வழிகாட்டி ஆடு மாதிரி தாவிப் போனான். எந்தக் கல் ஆடும், எந்தக் கல் ஆடாது என்று அவன் கால்களுக்கே தெரிந்திருந்தது.

முகமூடிக்குள் அவள் மூச்சு பெரிதாகக் கேட்டது. இழுத்தாள், விட்டாள். இழுத்தாள், விட்டாள்.

விளிம்புக்கு வந்தபோதுதான் கவனித்தாள். அவள் மூச்சை நிறுத்தியிருந்தாள்.

மூச்சுச் சத்தம் நிற்கவில்லை.

காதுக்கு வெகு அருகில், ரப்பருக்குள், இன்னொரு மூச்சு. மூக்கு வழியாக, அழுத்தி, புஸ்புஸ்ஸென்று.

அந்த மூச்சு அவளுக்குத் தெரியும். தம்பிக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டான், எதையும் தூக்கி எறியமாட்டான். மூலையில் உட்கார்ந்து மூக்கால் இப்படி மூச்சு விடுவான். சின்ன வயதில், "அம்மா, இவன் புகையுறான்" என்று அவள்தான் கோள்மூட்டுவாள்.

கீழே எரிமலையின் வாய் திறந்து கிடந்தது. புகை விலகும்போதெல்லாம் அடியில் சிவப்பாகக் கொதித்தது. மற்றவர்கள் படமெடுத்துத் தள்ளினார்கள். அவள் அதைப் பார்க்கவில்லை. இடப்பக்கம் மஞ்சள் பூத்த ஒரு பாறை இருந்தது. போலீஸ் போட்டோவில் நூறு முறை பார்த்த பாறை. வழிகாட்டி அதைத் தாண்டும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டதையும் கவனித்தாள்.

திடீரென்று காற்று திசை மாறியது. புகை இவர்கள் பக்கம் சாய்ந்தது. "போதும், இறங்குங்க! கயித்தை விடாம பிடிச்சுக்கிட்டே போங்க!" என்று வழிகாட்டி கத்தினான். ஏழு பேரும் கயிற்றைப் பிடித்து இறங்கத் தொடங்கினார்கள்.

அவள் போய் அந்தப் பாறையில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"மேடம், அங்க உட்காராதீங்க!" வழிகாட்டி பத்தடி தள்ளி நின்றே கெஞ்சினான். கிட்டே வர அவன் கால் ஒப்பவில்லை.

"ஏன், இங்க உட்கார்ந்தா என்ன ஆகும்? நான் அவனோட அக்கா. சொல்லு. ஏழாம் நம்பர் மாஸ்க் எப்படிக் கீழ வந்துச்சு?"

புகை இருவரையும் மூடியது. உள்ளிருந்த மூச்சு வேகமெடுத்தது. அது அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும். தன் முகமூடியை இரு கையாலும் பிடித்துக்கொண்டு, "இங்கயும் கேக்குது, இங்கயும் கேக்குது" என்று முனகியபடியே வந்து அவள் பக்கத்தில் மடிந்து விழுந்தான்.

"பெரிய இடத்துப் பையன் ஒருத்தன் வந்திருந்தான் மேடம். அவன் மாஸ்க் கிழிஞ்சு போச்சு. துடிச்சான். அவனுக்கு ஒண்ணு ஆயிட்டா எங்க எல்லாருக்கும் வேலை போயிடும். உங்க தம்பிதான் பக்கத்துல நின்னாரு. அவர் முகத்துலேர்ந்து நான்தான் கழட்டினேன். ஈரத்துணியைக் குடுத்து, 'அஞ்சே நிமிஷம், இங்கயே உட்காருங்க, வந்துடறேன்'னேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"சரின்னாரு. உட்கார்ந்தாரு."

"நீ?"

"கிழிஞ்சதைப் பையில போட்டு இறக்கினேன். கொட்டகையில அதையும் மாட்டினேன், எல்லா ஆணியும் நிறைஞ்சு போச்சு. காத்து திரும்பிடுச்சு மேடம், மறுபடி ஏற பயமா இருந்துச்சு."

அவன் கழுத்தை நெரிக்க வேண்டும் போலிருந்தது அவளுக்கு. சரி என்று சொல்லி உட்கார்ந்தானே, அந்தச் சரிக்காகவே தம்பியையும் நாலு அறை அறைய வேண்டும் போலிருந்தது. "எழுந்திரு. கீழ வந்து இதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடு" என்றாள்.

"போடறேன். எழுந்திருக்க முடியல மேடம். யாரோ தோளை அழுத்துறாங்க."

அப்போதுதான் தெரிந்தது. அவள் முகமூடிக்குள் இருந்த மூச்சு நின்றுவிட்டது.

புகையில் தன் கையே தெரியவில்லை. துழாவி அவன் கையைப் பிடித்து இழுத்தாள். கல்லாகக் கனத்தது.

"டேய்!" என்று புகைக்குள் பார்த்துக் கத்தினாள். "விடுடா அவனை! உன் கோபத்துக்கு இவன் இங்கயே செத்தா, எழுதிக் குடுக்கறது யாரு? உன் பொண்ணு காலம் பூரா கேட்டுக்கிட்டே இருக்கட்டும்னு பாக்கறியா? அவனை எழுந்து வர விடுடா!"

மலை ஒருகணம் உறுமுவதை நிறுத்தியது.

கை லேசாகிவிட்டது. இழுத்ததும் வந்தது.

பிடித்த பிடியை விடாமல் கீழே கொண்டுவந்தாள். வழியெல்லாம் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு முறை வழுக்கி விழுந்தான். ஆடுகிற கல்லாகப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தான். பயத்தில் கால் பின்னுகிறது, நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். கொட்டகைக்கு வந்ததும் அவன் முகமூடியைக் கழற்றி ஏழாம் ஆணியில் மாட்டினான். அவள் தன்னுடையதைக் காலியாக இருந்த இன்னொன்றில் மாட்டினாள். எந்த ஆணியானால் என்ன, அவளுக்கு வேண்டியது காகிதம்.

கொட்டகையை ஒட்டினாற்போல ஒரு போலீஸ் அறை. மேசை, கிறீச்சிடும் மின்விசிறி, மூன்று பிளாஸ்டிக் நாற்காலி, ரப்பர் ஸ்டாம்பு. அங்கிருந்த எழுத்தர் செல்போனில் ஏதோ பார்த்துக்கொண்டே தாளையும் பேனாவையும் தள்ளினார். வழிகாட்டி குனிந்து நிறுத்தாமல் எழுதினான். அவள் பக்கத்திலேயே நின்றாள்.

எழுதி முடித்ததும் பிடுங்கிப் படித்தாள். முதல் வரியிலேயே அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

"நான் முகமூடியைக் கழற்றவில்லை."

"மேல ஒரு பேச்சு, கீழ ஒரு பேச்சா?" என்று போட்ட சத்தத்தில் எழுத்தர் செல்போனைக் கீழே வைத்துவிட்டார். வழிகாட்டி தலை நிமிராமல், அடுத்த வரியில் விரலை வைத்துக் காட்டினான்.

"என் முகத்திலிருந்து உருவி எடுத்துப் போனார்கள். ஐந்து நிமிடத்தில் வருவதாகச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். கண் இருட்டும் வரைக்கும் வருவார்கள் என்றுதான் நம்பினேன். சாக நினைக்கவில்லை. வீட்டுக்கு வரத்தான் நினைத்தேன்."

அடியில் கையெழுத்து. கடைசி எழுத்தின் வாலை நீட்டி இழுத்து, கீழே இரண்டு புள்ளி. மருமகளின் ரேங்க் கார்டில், பெற்றோர் என்று போட்ட கட்டத்துக்குள், வருஷத்துக்கு மூன்று முறை அவள் பார்த்த கையெழுத்து.

அவள் மெதுவாக நிமிர்ந்தாள்.

எதிரில் இருந்தது வழிகாட்டியின் முகம்தான். அதே ஒட்டிய கன்னம். அதில் ரப்பர் பதிந்த தடம்.

"பாப்பாகிட்ட குடுத்துடு, அக்கா" என்றது அந்த முகம்.

மலையிலிருந்து யாரை இழுத்து வந்தோம் என்பது புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. யாரை அங்கே உட்கார வைத்துவிட்டு வந்தோம் என்பது உடனே புரிந்தது.

எழுத்தர் தாளை இழுத்து, ஒரு வரியும் படிக்காமல் ஸ்டாம்பு குத்தினார். "கையெழுத்து இருக்கில்ல? அப்ப சரி."

முகமூடி துடைக்கும் அம்மாள் வாசலில் வந்து நின்றாள். முகமெல்லாம் வெளுத்திருந்தது. "மேலேர்ந்து யாரோ கூப்பிடற மாதிரி இருக்கும்மா. ஆம்பளைக் குரல். மேடம், மேடம்னு. உங்களுக்குக் கேக்குதா?"

கேட்டது. நன்றாகவே கேட்டது.

மருமகளின் முகம் அவள் கண்முன் வந்தது. தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றாள்.